முப்பதாம் பக்கத்துக்கு மேல்

எங்கள் வாசகர் வட்டத்தில் ஒரு நாவலின் தலையெழுத்தை அதன் முப்பதாம் பக்கம்தான் தீர்மானிக்கும். முதல் பக்கத்தை எவரும் மினுக்கி எழுதிவிடலாம், கடைசிப் பக்கத்தைச் சொன்னால் கதை போச்சு, முப்பதாம் பக்கத்தில்தான் எழுதியவரின் சாயம் வெளுக்கும் என்பது பாட்டனி சாரின் கட்சி. அவர் கல்லூரியில் தாவரவியல் நடத்தி ஓய்வு பெற்றவர். ஒரு இலையைக் கிள்ளிப் பார்த்து மரத்தின் ஜாதகத்தையே சொல்கிறவர். வட்டத்தின் சட்டங்கள் எல்லாம் அவர் போட்டவை.

புது நாவலைக் கண்டுபிடித்தவர் எழுந்து நின்று அதன் முப்பதாம் பக்கத்தை மட்டும் வாசிக்க வேண்டும். அதற்கு முன்னும் பின்னும் ஒரு வார்த்தை பேசக் கூடாது. முதலில் கை தூக்குகிறவருக்குப் புத்தகம். ஏற்கனவே படித்தவர் கை தூக்கக் கூடாது. யாருமே தூக்காவிட்டால் கொண்டுவந்தவர் திரும்ப எடுத்துக்கொண்டு போக வேண்டியதுதான். படித்து முடித்தவர் கண்டெடுத்தவரிடம் மூன்றே மூன்று வாக்கியம் சொல்லலாம். நாலாவது வாக்கியத்துக்கு வாயைத் திறந்தால் சார் மேசையைத் தட்டுவார். பின்னட்டையின் உள்பக்கத்தில் ஒரு சீட்டு ஒட்டியிருக்கும். மேலே கண்டெடுத்தவர் பெயர், கீழே படித்தவர்களின் வரிசை.

இரண்டு வாரத்துக்கு ஒரு சனிக்கிழமை, மாலை நாலு மணிக்கு, ஒரு கார் ஓட்டப் பழக்கும் பள்ளியின் மாடியில் கூடுவோம். பள்ளி கியர் அக்காவுடையது. சுவர் முழுக்க 'நில்', 'முந்தாதே', 'வளைவு' என்று பலகைகள். அவற்றுக்கு நடுவில் பன்னிரண்டு பேர் மடக்கு நாற்காலிகளில் உட்கார்ந்து, எங்கும் நிற்காத, எல்லோரையும் முந்துகிற கதைகளைப் பேசிக்கொண்டிருப்போம். சீட்டில் இடம் குறைவு என்பதால் யாருக்கும் முழுப் பெயர் கிடையாது. நான் டோக்கன். மருத்துவமனையில் புற நோயாளிகள் பிரிவில் ஒலிபெருக்கியில் 'டோக்கன் எண் நாற்பத்திரண்டு, அறை எண் மூன்று' என்று கூப்பிடுகிறவள். குரல் நன்றாக இருக்கும் என்பார்கள். நாளைக்கு ஆயிரம் பேரைக் கூப்பிடுவேன், ஒருவரும் திரும்பிப் பதில் சொல்ல மாட்டார்கள்.

நான் சொல்ல வந்தது பவர் அண்ணனைப் பற்றி.

அவர் ஒரு மூக்குக் கண்ணாடிக் கடையில் முப்பத்தோரு வருடம் வேலை பார்த்தவர். கண்ணைச் சோதிப்பது, கண்ணாடியைத் தேய்த்துச் சட்டத்தில் பொருத்துவது, காதில் இடிக்காமல் வளைத்துக் கொடுப்பது எல்லாம் அவர்தான். வட்டத்துக்கு வந்த முதல் நாள், பாட்டனி சார் புத்தகத்தைக் கை நீட்டித் தள்ளிப் பிடித்திருப்பதைப் பார்த்து, "சார், உங்களுக்குப் பவர் ஏறியிருக்கு" என்றார். அன்றோடு அவர் பேச்சு ஏறக்குறைய முடிந்தது, பெயர் மட்டும் நின்றுவிட்டது. கூட்டத்தில் இருந்தும் உப்புக்குச் சப்பாணி மாதிரிதான் இருப்பார். கடைசி வரிசை, ஓர நாற்காலி, 'முந்தாதே' பலகைக்கு நேர் கீழே.

கல்யாணம் ஆகவில்லை. ஒரே ஒரு வீட்டில் சம்பந்தம் பேசப் போனாராம். பெண்ணைப் பார்த்ததும் கண்ணாடியில் பவர் தப்பாக இருக்கிறது என்று சொல்லி, கடைக்கு வரச் சொல்லி, சரியானதைப் போட்டுக் கொடுத்திருக்கிறார். அந்தப் பெண் புதுக் கண்ணாடியில் இவரை நன்றாக ஒரு தடவை பார்த்துவிட்டு வேண்டாம் என்றுவிட்டாள். இதை அவரே சொல்லிச் சிரிப்பார். சிரித்து முடித்த பிறகு கொஞ்ச நேரம் கையில் எதையாவது துடைத்துக்கொண்டிருப்பார்.

புது நாவல்கள் அவருக்குக் கிடைத்த விதம் வேறு யாருக்கும் வாய்க்காது. வாசிக்கும் கண்ணாடி வாங்க வருகிறவர்களில் பலர், சரிபார்க்கக் கையோடு ஒரு புத்தகம் கொண்டுவருவார்கள். மேசைக்கு அந்தப் பக்கம் அவர்கள் புத்தகத்தை விரித்தால், இந்தப் பக்கம் நின்று இவர் தலைகீழாகப் படிப்பார். முப்பத்தோரு வருடத்தில் தலைகீழ் எழுத்து அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. நாலு வரி பிடித்துவிட்டால் போதும். "புத்தகத்தைக் கொஞ்சம் மூடுங்க, வெளிச்சம் சரியா விழலை" என்பார். அட்டையைப் பார்த்துக்கொள்வார். அன்றைக்கே பதிப்பாளர் முகவரிக்குக் கடிதம் போகும். எந்தக் கடையிலும் அடுக்காத, யாரும் மதிப்புரை எழுதாத நாவல்கள் இப்படித்தான் அவரிடம் வந்தன.

ஆனால் வாசிக்கத் தெரியாது. வாய்விட்டு வாசிக்க என்று சொல்கிறேன். கண் சோதனை அட்டையின் கடைசி வரியில் நிற்கிறவர் மாதிரி ஒவ்வொரு சொல்லுக்கும் 'சரிதானா' என்று எங்களைப் பார்ப்பார். வாக்கியத்தின் முடிவு தொண்டைக்குள்ளேயே போய்விடும். எட்டு மாதத்தில் ஐந்து நாவல் வாசித்தார். ஐந்துக்கும் ஒரு கை எழவில்லை. கியர் அக்கா கொட்டாவியை மறைக்கத்தான் கையைத் தூக்கினாள். ஐந்து தடவையும் புத்தகத்தைத் துணிப் பைக்குள் வைத்து, ஓரத்தை நீவிவிட்டு, நாற்காலியை மடக்கிச் சுவரில் சாய்த்துவிட்டுப் போனார். எனக்கு அப்போது பாவமாகக்கூட இல்லை. அவர் வாசித்ததால் நேரம் போய்விட்டதே என்றுதான் இருந்தது.

ஐந்தாவது புத்தகத்தன்று படிக்கட்டில் எனக்காக நின்றுகொண்டிருந்தார்.

"ஒண்ணு கேக்கலாமாம்மா? என்கிட்ட இன்னொரு நாவல் இருக்கு. அதை அடுத்த கூட்டத்துல நீங்க வாசிக்கிறீங்களா? உங்க குரல்ல வாசிச்சா யாராச்சும் எடுப்பாங்க."

"வாசிக்கிறேன் அண்ணே. ஆனா கண்டெடுத்தவர் நீங்கதானே?"

"சட்டப்படி வாசிக்கிறவங்க பேருதான் சீட்டுல வரும். அது கிடக்குது. புத்தகம் நாலு பேரு கைக்குப் போனாப் போதும்." கொஞ்சம் தயங்கிவிட்டு, "நீங்க படிச்சு முடிச்சுட்டு எப்படி இருந்துச்சுன்னு மட்டும் எனக்குச் சொல்லுங்க. மூணு வாக்கியம்னு கணக்கு இல்லை. எவ்வளவு வேணா சொல்லலாம்" என்றார்.

அவர் கேட்டது அவ்வளவுதான். அன்றைக்கு நான் 'சரி சரி' என்று பேருந்தைப் பிடிக்க ஓடினேன்.

அடுத்த கூட்டத்தில் முப்பதாம் பக்கத்தை வாசித்தேன். டோக்கன் கூப்பிடுகிற குரலை இறக்கி, எங்கே நிறுத்த வேண்டுமோ அங்கே நிறுத்தி வாசித்தேன். ஆறு கைகள் எழுந்தன. இரண்டு பேர் சண்டையே போட்டார்கள். பாட்டனி சார் என்னைப் பார்த்து, "எங்கேம்மா புடிச்சீங்க இதை!" என்றார். நான் சிரித்தேன். கடைத் தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைப்பது எவ்வளவு சுகம் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

அதையும் சேர்த்து இரண்டரை வருடத்தில் பதினாலு நாவல்கள். பதினாலு சீட்டிலும் என் பெயர். 'டோக்கன் கொண்டுவந்தா கண்ணை மூடிக்கிட்டு எடுக்கலாம்' என்று பேச்சு வந்துவிட்டது. படித்தவர்கள் என்னிடம் வந்து மூன்று வாக்கியம் சொல்வார்கள். ஒரு பேருந்து நடத்துநர், "அந்த அண்ணன் தம்பிங்க ஒரே கம்பளிக் கோட்டை மாத்தி மாத்திப் போட்டுக்குறாங்களே, அந்த இடத்துல என்னால தாங்க முடியலை" என்று சொல்லும்போது கண் கலங்கினார். நான் தலையை ஆட்டினேன். எந்தக் கோட்டு, எந்தத் தம்பி என்று எனக்கு எப்படித் தெரியும்? நான் முப்பதாம் பக்கத்துக்கு மேல் ஒரு பக்கம்கூடப் புரட்டியதில்லை. கடைசி வரிசையில் பவர் அண்ணன் நாற்காலி நுனிக்கு வந்து, எனக்குச் சொல்லப்பட்ட அந்த மூன்று வாக்கியங்களைக் கேட்டுக்கொண்டிருப்பார்.

ஏன் படிக்கவில்லை என்று கேட்டால் சொல்லிக்கொள்கிற மாதிரி காரணம் இல்லை. வீட்டுக்காரர் கப்பலில் வேலை, வருடத்துக்கு இரண்டு தடவை வருவார். மகள் விடுதியில். வீட்டுக்கு வந்ததும் தொலைக்காட்சியைப் போட்டுவிடுவேன், யாராவது பேசிக்கொண்டிருக்கட்டும் என்று. நாலு சுவருக்கு நடுவில் ஒரு புத்தகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் வீடு எவ்வளவு சத்தமில்லாமல் இருக்கிறது என்பது தெரிந்துவிடும். அதற்குப் பயம். வட்டத்துக்குப் போனதே மனுஷ முகம் பார்க்கத்தான். கைதட்டும் கிடைத்தது, போதும் என்று இருந்துவிட்டேன்.

ஒவ்வொரு புத்தகத்துக்கும் படிக்கட்டில் நின்று கேட்பார். "எப்படிம்மா இருந்துச்சு?"

"அருமை அண்ணே. ஒரே மூச்சுல முடிச்சுட்டேன்."

"எந்த இடம் ரொம்பப் புடிச்சுது?"

"எல்லா இடமும்தான். எதைன்னு சொல்றது!"

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துக்கொண்டே வந்தேன். அவரும் "ஆமாம்மா, ஆமாம்" என்பார். இன்னும் ஏதாவது வருமா என்று அரை நிமிடம் நிற்பார். வராது. குடையை இடது கையிலிருந்து வலது கைக்கு மாற்றிக்கொண்டு இறங்கிப் போவார்.

ஒரு நாள் எனக்குக் கண்ணாடி மாற்ற அவர் கடைக்குப் போயிருந்தேன். எனக்கு முன்னால் ஒரு பெரியவர் அட்டையைப் பார்த்துக் கடகடவென்று கடைசி வரி வரைக்கும் ஒப்பித்தார். பவர் அண்ணன் அட்டையைத் திருப்பிப் போட்டு, அதே சோதனையை மறுபடி தொடங்கினார். பின்பக்கம் எழுத்துகள் வேறு. பெரியவர் முதல் வரியிலேயே நின்றுவிட்டார். அவர் போன பிறகு நான் சிரித்தேன்.

"மனப்பாடம் பண்ணிட்டு வந்து ஏமாத்துறாரே, நீங்க ஒண்ணும் கேக்கலையே?"

"ஏமாத்தலைம்மா. தெரியலைன்னு சொல்ல வெக்கம். அதைப் பொய்னு சொல்லிட்டா அடுத்த தடவை வரவே மாட்டாங்க." கண்ணாடியைத் துணியால் துடைத்தார். "மேல இருக்கிற பெரிய எழுத்தைக் காட்டி ஒரு தடவை கேப்பேன். தடுமாறினா இன்னொரு தடவை கேப்பேன். அப்பவாச்சும் தெரியலைன்னு சொல்லட்டும்னு."

அன்றைக்கு எனக்கு இது கண்ணாடிக் கடைச் செய்தி. அவ்வளவுதான்.

போன வருடம் அவருடைய முதலாளி கடையை மூடினார். பவர் அண்ணனுக்கு ஐம்பத்தேழு வயது. தங்கை வேறு ஊரில் இருக்கிறாள், அவள் வீட்டுக்காரர் இரும்புக் கடை வைத்திருக்கிறார், அங்கே வந்து கல்லாவில் உட்காரச் சொல்கிறார்கள் என்று போனில் சொன்னார். அவர் எனக்குக் கொடுத்த பதினைந்தாவது நாவல் அப்போது என்னிடம் இருந்தது. இரண்டு வாரமாகத் தொலைக்காட்சி மேல் கிடந்தது. "அதை மட்டும் கொண்டுவந்து குடுக்கறீங்களாம்மா?" என்றார்.

வியாழக்கிழமை வேலை முடிந்து அவர் அறைக்குப் போனேன். டயர் கடைக்கு மேலே, இரும்புப் படி ஏறிப் போகிற ஒற்றை அறை. எலி வளையானாலும் தனி வளை என்பார்களே, அதற்கு மேல் சொல்ல ஒன்றும் இல்லை. இரண்டு நாற்காலி. ஒன்றில் அவர் உட்காருவார், இன்னொன்றில் புத்தகங்கள். நான் போனதும் புத்தகங்களை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு எங்கே வைப்பது என்று தெரியாமல் அறையை ஒரு சுற்று சுற்றினார். கடைசியில் கட்டிலில் வைத்தார். தேநீர் போட்டுக் கொடுத்தார். இரண்டு டம்ளர். அவர் கையில் இருந்தது நசுங்கி நிறம் மங்கியது. என் கையில் இருந்ததன் அடியில் கடைக்காரன் ஒட்டிய காகிதம் அப்படியே இருந்தது. ஜோடியாக வாங்கியது, இன்றைக்குத்தான் இரண்டாவது வெளியே வந்திருக்கிறது.

"படிச்சாச்சாம்மா?"

"நேத்தே முடிச்சுட்டேன் அண்ணே. அழுதுட்டேன் போங்க."

அவர் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். பார்த்துக்கொண்டே இருந்தேன், வெட்கம் கெட்டவள்.

"அப்படின்னா ஒரு சந்தேகம். அந்தக் கிடங்குக்காரம்மா கடைசியில ஒரு கதவைத் திறந்து போட்டுட்டே போயிடறாளே. அது மறந்து போயா, தெரிஞ்சேவா?"

முப்பதாம் பக்கம் எனக்குத் தெரியும். வாசிக்கத் தயார் செய்திருந்தேன். ஒரு சரக்குக் கிடங்கில் பதினொரு கதவுகளைப் பூட்டுகிற வேலை பார்க்கும் பெண், சாவிகளை எண்ணுகிற பக்கம். பதினொரு கதவு பூட்டுகிறவளுக்கு ஒன்று மறப்பது சகஜம்தானே என்று தோன்றியது.

"பாவம், மறந்துதான் போயிருப்பா அண்ணே. வேலை அப்படி."

"ஓ" என்றார். கண்ணாடியைக் கழற்றிச் சட்டை ஓரத்தில் துடைத்தார். சட்டையில் துடைத்தால் கீறல் விழும் என்று எங்கள் எல்லோரையும் கண்டிக்கிறவர் அவர். திரும்பப் போட்டுக்கொண்டு, "இந்தத் தடவை நானே வாசிக்கட்டுமாம்மா?" என்றார்.

"தாராளமா. உங்க புத்தகம்தானே."

"ஞாயித்துக்கிழமை காலையில வண்டி. சனிக்கிழமை கூட்டம்தான் கடைசி. ஒரே ஒரு தடவை என் கையிலேருந்து யாராச்சும் ஒரு புத்தகத்தை வாங்கிட்டுப் போகணும். அது ஒரு ஆசை." இதைச் சொல்லும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை, டம்ளரைப் பார்த்தார். "ஊரை விட்டுப் போறேன்னு யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. பாவம்னு கை தூக்கிடுவாங்க. பாவம் பாத்துத் தூக்குற கை வேணாம்."

சனிக்கிழமை பதினொரு பேர் வந்திருந்தோம். கியர் அக்கா ஒரு கொலைக் கதையைக் கொண்டுவந்து, அதற்கு நாலு கை எழுந்து, சிரிப்பும் கூச்சலுமாக இருந்தது. பிறகு பவர் அண்ணன் எழுந்தார். வெள்ளைச் சட்டை போட்டிருந்தார், இஸ்திரி மடிப்போடு. எல்லோரும் கொஞ்சம் ஆச்சரியமாகத் திரும்பினார்கள். இரண்டரை வருடமாக அவர் எழுந்து நின்றதே இல்லை.

வாசித்தார். பழக்கப்படுத்திக்கொண்டு வந்திருந்தார் என்று முதல் வரியிலேயே தெரிந்தது. நான் நிறுத்துகிற மாதிரியே நிறுத்தப் பார்த்தார். ஆனால் நான் நிறுத்தினால் ஆவல், அவர் நிறுத்தினால் மறந்துவிட்டாரோ என்று பயம். ஆறாவது சாவி வரைக்கும் குரல் இருந்தது, ஏழாவதிலிருந்து தொண்டைக்குள் போய்விட்டது. பதினொன்றாவது சாவியை உதட்டசைவில்தான் பார்த்தோம். முடித்துவிட்டுப் புத்தகத்தை மார்போடு வைத்துக்கொண்டு நின்றார்.

யாரோ இருமினார்கள். கியர் அக்கா கொலைக் கதையின் அட்டையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பாட்டனி சார் மனதுக்குள் பத்து எண்ணுவது வழக்கம், எண்ணிக்கொண்டிருந்தார். ஏழு, எட்டு என்று எனக்கே கேட்டது.

நான் கையைத் தூக்கினேன்.

பவர் அண்ணன் என்னைப் பார்த்தார். கோபம் இல்லை. கடை மேசைக்கு அந்தப் பக்கம் நின்று பார்ப்பாரே, அந்தப் பார்வை.

"நீங்கதான் படிச்சாச்சேம்மா?" என்றார்.

கேள்வியாகத்தான் கேட்டார். கேட்டுவிட்டுக் காத்திருந்தார். 'இல்லை அண்ணே, நான் படிக்கவே இல்லை' என்று ஒரு வாக்கியம் போதும். மூன்றுகூட வேண்டாம். பதினாலு சீட்டில் என் பெயர், பத்துப் பேர் என்னைப் பார்க்கிறார்கள், நடுவில் அந்த நடத்துநர் வேறு உட்கார்ந்திருக்கிறார். ஆயிரம் பேரைக் கூப்பிடுகிற குரல், எங்கே போச்சோ.

"ஆமா... மறந்துட்டேன்" என்றேன். கை தானாக இறங்கியது.

"படிச்சவங்க தூக்கக் கூடாதும்மா, சட்டம் சட்டம்தான்" என்றார் பாட்டனி சார். யாரோ சிரித்தார்கள். பவர் அண்ணனும் சிரித்தார். புத்தகத்தைத் துணிப் பைக்குள் வைத்து, ஓரத்தை நீவிவிட்டு, உட்கார்ந்தார். கூட்டம் முடிந்ததும் நாற்காலியை மடக்கிச் சுவரில் சாய்த்தார். அன்றைக்குப் படிக்கட்டில் நிற்கவில்லை. "வரேம்மா" என்று தாண்டிக்கொண்டு போனார். ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் ரயில் நிலையத்துக்குப் போயிருக்கலாம். போகவில்லை.

அதற்கப்புறம் பதினாலு நாவல்களையும் ஒவ்வொன்றாகத் திரும்ப வாங்கிப் படித்தேன். தொலைக்காட்சியை அணைத்துவிட்டுப் படித்தேன். கோட்டை மாற்றி மாற்றிப் போட்டுக்கொள்கிற அண்ணன் தம்பியிடம் வந்தபோது எனக்கும் தாங்க முடியவில்லை. எழுந்து சமையலறைக்குப் போய் நின்றேன். யாரிடமாவது சொல்ல வேண்டும் போல் இருந்தது, மூன்று வாக்கியத்தில் இல்லை, ஒரு மணி நேரம். அப்போதுதான் படிக்கட்டில் அவர் அரை நிமிடம் எதற்காக நின்றார் என்று புரிந்தது. அவருக்கும் ஆள் இல்லை, எனக்கும் ஆள் இல்லை, நடுவில் இத்தனை புத்தகம் இருந்திருக்கிறது. நான் படித்திருந்தால் போதும், இரண்டு பேருக்கும் தீர்ந்திருக்கும்.

பதினைந்தாவது அவரோடு போய்விட்டது. அவரைப் போலவே பதிப்பாளருக்குக் கடிதம் எழுதி வரவழைத்தேன். கிடங்குக்காரியின் கதை இருநூற்றுப் பதினாறு பக்கம். நாவல் முழுக்க அந்தப் பெண் ஒரு பூட்டைக்கூட மறக்கவில்லை. காய்ச்சலில் கிடந்தபோதும் எழுந்து போய்ப் பூட்டுகிறாள். இருநூற்றெட்டாம் பக்கத்தில், கோபித்துக்கொண்டு போன அண்ணனுக்குக் கடிதம் எழுதுகிறாள். பதினொன்றாவது கதவைப் பூட்டாமல் போகப் போகிறேன், நீ எப்போது வந்தாலும் தட்ட வேண்டாம், தள்ளினால் போதும் என்று எழுதுகிறாள். வெள்ளைக் காகிதத்தில் கறுப்பு மையில் அப்படியே அச்சாகியிருக்கிறது.

மறந்து போயா, தெரிஞ்சேவா என்று அவர் கேட்டாரே, புத்தகத்தைப் படித்த ஒருவர் அந்தக் கேள்விக்குத் தடுமாறவே முடியாது. அதில் சந்தேகத்துக்கு இடமே இல்லை. கண் சோதனை அட்டையின் மேலே இருக்கிற பெரிய எழுத்தை அவர் எனக்குக் காட்டியிருக்கிறார். எனக்குத் தெரியவில்லை. கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் கேட்டது இரண்டாவது தடவை. அப்பவாச்சும் தெரியலைன்னு சொல்லட்டும்னு. நான் படிக்கவில்லை என்று அவருக்கு வியாழக்கிழமையே தெரியும். ஒருவேளை இரண்டரை வருடமாகவே தெரியும். தெரிந்தும், பொய் என்று சொல்லிவிட்டால் அடுத்த தடவை வர மாட்டாள் என்று, பதினாலு தடவை "ஆமாம்மா, ஆமாம்" என்று சொல்லியிருக்கிறார். புத்தகத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு அழுதேன். இந்தத் தடவை நிஜமாகவே அழுதேன்.

அடுத்த கூட்டத்தில் பதினாலு சீட்டையும் எடுத்துக் கண்டெடுத்தவர் இடத்தில் என் பெயரை அடித்துவிட்டு 'பவர்' என்று எழுதினேன். நடந்ததைச் சொன்னேன். நடத்துநர் என்னைப் பார்க்காமல் தரையைப் பார்த்தார். பாட்டனி சார், "சட்டப்படி வாசிச்சவங்க பேருதான்..." என்று ஆரம்பித்தார். "உங்க சட்டத்தைத் தூக்கிக் குப்பையில போடுங்க சார்" என்றேன். அவர் மேசையைத் தட்டவில்லை.

ஒரு வாரம் யோசித்துவிட்டு, அவர் கொடுத்திருந்த தங்கை வீட்டு எண்ணுக்குப் போன் போட்டேன். தங்கைதான் எடுத்தாள்.

"அண்ணன் கடையில இருக்காரே. நீங்க யாரு பேசறது?"

"அவரோட புத்தகம் படிக்கிறவங்க."

"புத்தகமா?" என்றாள். "எங்க அண்ணனா? அவரு புத்தகமெல்லாம் படிப்பாரா? இங்க வந்து ஏழு மாசமாச்சு, ஒண்ணையும் தொட்டுப் பாத்ததில்லையே. வரும்போது ஒரு துணிப் பைதான் கொண்டுவந்தாரு, அது பரண் மேல கிடக்குது. ஏதாச்சும் சொல்லணுமா?"

அவள் இரண்டு தடவை 'அலோ' என்றாள்.

"மறந்து போய் இல்லை, தெரிஞ்சேதான் திறந்து வெச்சாங்கன்னு சொல்லுங்க."

"எதை?"

"கதவை."

"எந்தக் கதவை?"

"அப்படிச் சொன்னா அவருக்குத் தெரியும்மா."

"இருங்க, எழுதிக்கிறேன். கதவை... தெரிஞ்சேதான்... திறந்து வெச்சாங்க. வேற ஏதாச்சும்?"

"டோக்கன் சொன்னான்னு சொல்லுங்க. இப்பத்தான் படிச்சான்னு சொல்லுங்க."

இது நடந்து மூன்று வாரம் ஆகிறது. அவர் கூப்பிடவில்லை. கிடங்குக்காரியின் கதை என் கைப்பையில் இருக்கிறது. பின்னட்டைச் சீட்டில் கண்டெடுத்தவர் பவர் என்று எழுதி, கீழே முதல் வரியில் என் பெயரைப் போட்டிருக்கிறேன். ஒவ்வொரு கூட்டத்துக்கும் எடுத்துக்கொண்டுதான் போகிறேன். இன்னும் எழுந்து நின்று வாசிக்கவில்லை.